போனில் கேட்கும் ‘டக்’ சத்தமும் காலையில் வரும் தலையங்கமும்

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து 52 வயது வாசகர் ஒருவர் ஆறு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். தட்டச்சும் ஜெராக்ஸும் செய்யும் கடை வைத்திருப்பவர், ஆனால் கடிதம் கையெழுத்தில் இருக்கிறது. கணினியை நம்ப முடியவில்லை என்று காரணத்தையும் அவரே எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கி, சுருக்கித் தருகிறேன்.

தாலுகா அலுவலகத்துக்கு எதிரே அவருக்கு ஜெராக்ஸ் கடை. ஊரை ஒட்டிய கல்குவாரியில் அனுமதித்த ஆழத்தைத் தாண்டித் தோண்டுகிறார்கள், வெடி வைப்பதில் வீட்டுச் சுவர்கள் விரிசல் விடுகின்றன என்று ஊர்க்காரர்கள் ஆட்சியருக்குக் கொடுக்கும் மனுக்களை இவர்தான் எழுதித் தருகிறார். அவர்கள் அமைத்த சங்கத்துக்குச் செயலாளரும் இவர்தான். மூன்று மாதங்களுக்கு முன்பு, ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போடுவது பற்றிப் பொருளாளரிடம் போனில் பேசியிருக்கிறார். மறுநாள் காலையில் காவல் நிலையத்தின் தனிப்பிரிவுக் காவலர் கடைக்கு வந்து, ஒரே ஒரு தாளை ஜெராக்ஸ் எடுத்துவிட்டு, சில்லறையை வாங்கிக்கொண்டே, “கூட்டம் எத்தனை மணிக்கு அண்ணாச்சி?” என்று கேட்டிருக்கிறார்.

அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. போன் பேசும்போது ‘டக்’ என்று சத்தம் வருகிறது. பேட்டரி மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் வந்த குறிப்பைப் பார்த்து மகன் ஏதோ ஒரு எண்ணை அழுத்த, திரையில் விளங்காத வரிகள் வந்திருக்கின்றன. மனைவி தன் தங்கையுடன் போனில் பேசுவதையே நிறுத்திவிட்டார். மகள் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும்; காவல் துறைச் சரிபார்ப்பில் கை வைத்துவிடுவார்களோ என்று பயம்.

இதற்கு நடுவில்தான் அவர் இருபத்து மூன்று வருடமாக வாங்கிவந்த நாளிதழில், அரசின் கண்காணிப்பு அதிகாரங்களை ஆதரித்து ஒரு தலையங்கம் வந்தது. “ஒளிப்பதற்கு ஒன்றுமில்லாதவருக்கு என்ன அச்சம்?” என்பது அதன் சாரம். அதே வாரம் ஒரு தொலைக்காட்சி விவாதத்தில், ஒட்டுக்கேட்பை எதிர்த்துப் பேசுகிறவர்கள் நாட்டுக்கு எதிரானவர்கள் என்று நெறியாளர் சொன்னாராம். நாளிதழை நிறுத்திவிட்டார். இப்போது ஒரு யூடியூப் சேனலையும் ஒரு வாட்ஸ்அப் குழுவையும் மட்டுமே நம்புவதாக எழுதுகிறார்.

அவருடைய கேள்விகள்: என் போன் ஒட்டுக்கேட்கப்படுகிறதா, எப்படித் தெரிந்துகொள்வது? வழக்குப் போடலாமா? அந்த நாளிதழ்மீதும் சேனல்மீதும் நடவடிக்கை எடுக்க முடியுமா? கடைப் பையனின் பெயரில் ஒரு சிம் வாங்கிப் பயன்படுத்தலாமா? அந்தக் காவலரின் படத்தையும் எண்ணையும் ஊருக்குத் தெரிய வெளியிடலாமா? கடைசியில் ஒரு வரி: “இல்லை, மனு எழுதுவதையே விட்டுவிடவா, வக்கீலம்மா?”

அன்புள்ள ஐயா,

நீங்கள் பயப்படுவது மனப்பிராந்தி இல்லை. இந்த நாட்டில் ஒட்டுக்கேட்பு நடக்கிறது. சட்டப்படியும் நடக்கிறது, சட்டத்தை மீறியும் நடந்திருக்கிறது. ஒட்டுக்கேட்புச் சர்ச்சையில் 1988இல் கர்நாடகத்தில் ராமகிருஷ்ண ஹெக்டே முதல்வர் பதவியை விட்டு விலகினார். 1991 மார்ச்சில், ராஜீவ் காந்தியின் டெல்லி வீட்டு வாசலை ஹரியானா போலீஸ்காரர்கள் இருவர் நோட்டம் விட்டதாகக் கிளம்பிய பிரச்சினையில் சந்திரசேகர் பிரதமர் பதவியை விட்டே போனார். ஆகவே உங்கள் சந்தேகத்தைக் கேட்டு நான் சிரிக்கவில்லை. ஆனால் எதைச் சந்தேகிப்பது என்பதில் சில இடங்களில் தடம் மாறிவிட்டீர்கள். அதை மட்டும் முதலில் சரிசெய்துகொள்வோம்.

அந்த ‘டக்’ சத்தம்

அரசு உத்தரவின் பேரில் நடக்கும் ஒட்டுக்கேட்பு உங்கள் போனில் நடப்பதில்லை. தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கட்டமைப்பிலேயே உங்கள் பேச்சு இன்னொரு பக்கமும் பிரிந்து போய்விடும். போனில் சத்தம் வராது, சூடேறாது, பேட்டரி குறையாது. சத்தம் வருகிறது என்பதற்காக யாரோ கேட்கிறார்கள் என்று முடிவுகட்ட முடியாது. சத்தம் வரவில்லை என்பதற்காக யாரும் கேட்கவில்லை என்று நிம்மதி அடையவும் முடியாது. உங்கள் மகன் அழுத்திய அந்த நட்சத்திரமும் 21உம் சேர்ந்த எண், உங்களுக்கு வரும் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கின்றனவா என்பதை மட்டும் காட்டும். ஒட்டுக்கேட்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

பெகாசஸ் போன்ற உளவு மென்பொருள் வேறு வகை. அது போனுக்குள்ளேயே குடியேறும். அதற்கு இலக்காகியிருக்கலாம் என்று 2021 ஜூலையில் வெளியான பட்டியலில் இந்தியப் பத்திரிகையாளர்கள் நாற்பதுக்கும் மேற்பட்டோரின் எண்கள் இருந்தன. உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களைப் பரிசோதித்து, ஐந்தில் ஏதோ ஒரு தீய மென்பொருள் இருந்தது, ஆனால் அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று 2022இல் அறிக்கை கொடுத்தது. விசாரணைக்கு மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்பதையும் குழு பதிவு செய்தது. அரசாங்கங்களுக்கு மட்டுமே விற்கிறோம் என்று தயாரிப்பாளர்களே சொல்லும் விலையுயர்ந்த சரக்கு அது. ஜெராக்ஸ் கடை வரை அது வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அபராதச் செலுத்துச் சீட்டு, திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் மோசடிச் செயலிகள் உங்கள் போனில் ஏறியிருக்க அதைவிட அதிக வாய்ப்பு உண்டு. என்னவென்று தெரியாத செயலிகளை நீக்கி, போனின் மென்பொருளைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். எத்தனை வருடப் பழைய பேட்டரி என்பதையும் பாருங்கள்.

அப்படியானால் காவலருக்கு எப்படித் தெரிந்தது? இதே கேள்வியோடு சில வருடங்களுக்கு முன்பு ஒரு கட்சிக்காரர் என்னிடம் வந்தார். கட்சிக்காரர் என்றால் வழக்குக் கட்சிக்காரர்தான். பேச ஆரம்பிக்கும் முன் போனைத் துண்டில் சுற்றி, என் அலுவலகச் சமையலறைக்குப் போய் அரிசி டின்னுக்குள் வைத்து மூடிவிட்டு வந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாம் கேட்டு முடித்தபிறகு போனை எடுத்துவரச் சொல்லி, அவர்களுடைய போராட்டக் குழுவின் வாட்ஸ்அப் பட்டியலைத் திறக்கச் சொன்னேன். 214 பேர். ஒவ்வொரு எண்ணாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். ஒன்பது எண்கள் யாருடையவை என்று அவருக்கே தெரியவில்லை. அதில் ஒன்றின் படத்தில் ஒரு ரோஜாப்பூவும் “காலை வணக்கம்” என்ற எழுத்தும் இருந்தன. கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்று அவரே முந்தைய இரவு அந்தக் குழுவில் குரல் பதிவாகப் போட்டிருந்தார். அரிசியைத் தட்டிவிட்டுக்கொண்டே போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார் மனிதர்.

உங்கள் சங்கத்தின் குழுவையும் ஒருமுறை இப்படிப் பாருங்கள். பொருளாளர் யாரிடம் சொன்னார், மைக் செட்டுக்கு யார் முன்பணம் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டிய வழியும் ஒன்று இருக்கிறது. குறைதீர் நாளில் நீங்கள் ஆட்சியரிடம் கொடுக்கும் மனு, அறிக்கை கேட்டுக் காவல் நிலையத்துக்கே திரும்பி வரும். எங்கே கூட்டம் கூடும், எங்கே மறியல் நடக்கும் என்று முன்கூட்டியே விசாரித்து மேலே சொல்வதுதான் தனிப்பிரிவுக் காவலரின் வேலை. அதற்குப் போனைக் கேட்க வேண்டியதில்லை. எதிர்க் கடையில் ஒரு டீ குடித்தால் போதும்.

ஆனால் ஒன்றை மறுக்க மாட்டேன். பேச்சைக் கேட்காமல், நீங்கள் யாருடன், எப்போது, எவ்வளவு நேரம் பேசினீர்கள், எந்தக் கோபுரத்தின் கீழ் இருந்தீர்கள் என்ற அழைப்புப் பட்டியலை எடுப்பது இதைவிட எளிது. 2021 டிசம்பர் முதல் நிறுவனங்கள் அந்த விவரத்தைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அது உங்கள் விஷயத்தில் எடுக்கப்பட்டதா என்பதை இங்கிருந்து நான் சொல்ல முடியாது.

உத்தரவு போடுவது யார்?

நிலைய ஆய்வாளர் நினைத்தால் கேட்கலாம், எஸ்.பி. சொன்னால் கேட்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் இருந்த இடத்தில் இப்போது 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் இருக்கிறது. அதன் 20ஆவது பிரிவும், 2024 டிசம்பரில் வந்த விதிகளும்தான் இன்றைய நிலை. மாநிலத்தில் உத்தரவு போடும் அதிகாரம் உள்துறைச் செயலருக்கு. தவிர்க்க முடியாத நேரத்தில் காவல் துறை உயரதிகாரி, அதுவும் ஐ.ஜி.க்குக் குறையாதவர், தாமே தொடங்கலாம். ஆனால் ஏழு வேலை நாட்களுக்குள் செயலர் அதை உறுதிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் நிறுத்த வேண்டும், கேட்டதை எதற்கும் பயன்படுத்தக் கூடாது. ஒரு உத்தரவு 60 நாள் செல்லும். நீட்டித்தாலும் 180 நாளுக்கு மேல் போகக் கூடாது. காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். பொது அவசர நிலை அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற வாசலைத் தாண்டாமல் உத்தரவே கிடையாது. யாராவது ஒருவர் இந்த வழியை விட்டு உங்கள் போனைக் கேட்டால், அது மூன்றாண்டுச் சிறையோ இரண்டு கோடி ரூபாய் வரை அபராதமோ விதிக்கத்தக்க குற்றம்.

காகிதத்தில் இது நன்றாக இருக்கிறது. இனி ஓட்டைக்கு வருவோம். இந்த உத்தரவுகளைச் சரிபார்க்க ஒரு மறுஆய்வுக் குழு உண்டு. மாநிலத்தில் தலைமைச் செயலர் தலைவர், சட்டத் துறைச் செயலர் ஒருவர், உள்துறை அல்லாத இன்னொரு செயலர். அரசு போட்ட உத்தரவை அரசின் செயலர்களே பார்க்கிறார்கள். நீதிபதி ஒருவரும் இல்லை. மத்தியக் குழுவைப் பற்றி, தரவுப் பாதுகாப்புக்காக அமைக்கப்பட்ட நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழுவின் 2018 அறிக்கையில் ஒரு வரி வருகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் அந்தக் குழு ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பார்க்க வேண்டியிருக்கிறதாம். காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்து எட்டு மணி நேரம் எழுந்திருக்காமல் பார்த்தாலும் ஒரு உத்தரவுக்கு இரண்டு விநாடிகூட வராது. உங்கள் கடை இயந்திரத்தில் ஒரு தாள் நகலாகி வரவே அதைவிட அதிக நேரம் ஆகும். உங்கள் அவநம்பிக்கைக்கு ஆதாரம் தேட வேண்டுமானால் ‘டக்’ சத்தத்தில் தேடாதீர்கள், இந்தக் கணக்கில் தேடுங்கள்.

நீதிமன்றத்துக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் இன்றைக்கு உங்கள் கையில் இருப்பதை வைத்துக்கொண்டு போக நான் சொல்ல மாட்டேன்.

உங்களுக்குச் சாதகமானதை முதலில் சொல்கிறேன். 1996 டிசம்பர் 18 அன்று, பி.யு.சி.எல். என்ற மக்கள் உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், போனில் பேசுவது அந்தரங்க உரிமையின் பகுதி என்று சொல்லி, செயலர் உத்தரவு, கால வரம்பு, மறுஆய்வுக் குழு ஆகியவற்றை வகுத்துக் கொடுத்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமைதான் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நமக்கு மிக அருகில், 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்றம், ஒரு நிறுவன நிர்வாகியின் போனை ஒட்டுக்கேட்க 2011இல் உள்துறை அமைச்சகம் போட்ட உத்தரவை ரத்து செய்தது. லஞ்சப் புகார் என்பது பொது அவசர நிலையும் ஆகாது, பொதுப் பாதுகாப்பும் ஆகாது. சாதாரணக் குற்ற விசாரணைக்கு இந்த அதிகாரத்தைப் பயன்படுத்த முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. கேட்ட பதிவுகளை மறுஆய்வுக் குழுவின் முன்னால் வைக்கவில்லை என்பதும் அரசுக்கு எதிராகப் போயிற்று.

மறுபக்கமும் இருக்கிறது. அதற்குச் சில நாட்கள் முன்புதான் டெல்லி உயர் நீதிமன்றம், பெரிய அளவிலான ஊழல் பொதுப் பாதுகாப்பைத் தொடக்கூடியதே என்று வேறு கோணத்தில் தீர்ப்பளித்திருந்தது. முறைதவறிக் கேட்ட பேச்சானாலும் வழக்குக்குத் தொடர்புடையதாக இருந்தால் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் சொன்னதும் புத்தகத்தில் இருக்கிறது. சென்னைத் தீர்ப்பிலும் ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். உத்தரவு 2011, தீர்ப்பு 2025. அந்த நிர்வாகியிடம் உத்தரவு காகிதமாகவே இருந்தது. வழக்கு அதைச் சவாலுக்கு இழுத்தது. உங்களிடம் இருப்பது ஒரு காவலரின் கேள்வி மட்டும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போட்டால் அரசு வக்கீல் எழுந்து “அப்படி ஒன்றும் இல்லை” என்று ஒரு வரி சொல்வார், முடிந்துவிடும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்க்கலாமே என்பீர்கள். உங்கள் எண் கேட்கப்பட்டதா என்று கேட்டால் விலக்குகளைச் சொல்லும் 8ஆவது பிரிவைக் காட்டி மறுப்பார்கள். அந்த மறுப்பை டெல்லி உயர் நீதிமன்றம் 2023 டிசம்பரில் ஆதரித்திருக்கிறது. வேறு விதமாகக் கேளுங்கள். மாநில மறுஆய்வுக் குழு கடந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை முறை கூடியது, எந்தெந்தத் தேதிகளில், எத்தனை உத்தரவுகளை ரத்து செய்தது என்று கேளுங்கள். இதில் யாருடைய ரகசியமும் இல்லை. பதில் வந்தால் அது செய்தி. வராவிட்டால் மேல்முறையீட்டுக்குப் பிறகு அந்த மறுப்பே உங்களுக்கு ஒரு ஆவணம்.

“ஒளிக்க ஒன்றுமில்லை என்றால்...”

தலையங்கம் உங்களைக் காயப்படுத்தியது தெரிகிறது. அந்த வாதம் எனக்கும் பிடிக்காது. உங்கள் கடைக்கு மருத்துவ அறிக்கை வருகிறது, ஜாதகம் வருகிறது, விவாகரத்து மனு வருகிறது, நகைக்கடன் ரசீது வருகிறது. அவற்றைக் கொண்டுவருகிறவர்கள் குற்றவாளிகள் இல்லை. ஆனாலும் தாளைக் கவிழ்த்துத்தான் உங்களிடம் நீட்டுகிறார்கள். நீங்களும் கவிழ்த்தே திருப்பிக் கொடுக்கிறீர்கள். இன்லண்ட் லெட்டரின் ஓரத்தில் பசை இருந்ததும், வாக்குச்சாவடியில் அட்டை மறைப்பு வைப்பதும் ஒளிப்பதற்காக இல்லை. இதைத் தலையங்கம் எழுதியவருக்கு நீங்களே எழுதியிருக்கலாம். நாளிதழை நிறுத்தியதைவிட அது அவர்களுக்கு உறைத்திருக்கும்.

ஆனால் நடவடிக்கை எடுக்க முடியுமா என்றால், தலையங்கத்தின்மீது முடியாது, முடியவும் கூடாது. அரசை ஆதரித்து எழுதுவது கருத்து. அதைத் தடுக்கும் கருவி நாளைக்கு உங்கள் மனுவையும் தடுக்கும். தலையங்கத்தில் உண்மைத் தகவல் தவறாக இருந்தால் கதை வேறு. முதலில் ஆசிரியருக்கு எழுத வேண்டும், திருத்தம் வராவிட்டால் இந்தியப் பத்திரிகை கவுன்சிலுக்குப் போகலாம். நாளிதழ் என்றால் வெளியான இரண்டு மாதத்துக்குள் புகார் போக வேண்டும். தலையங்கம் வந்த தேதியை நீங்கள் எழுதவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சிலால் எச்சரிக்கவும் கண்டிக்கவும்தான் முடியும், அபராதம் போட முடியாது. அது பல்லில்லாத புலி என்று எங்கள் பார் அசோசியேஷனில் சொல்வார்கள். ஆனால் கண்டனத்தை அதே நாளிதழ் வெளியிட நேர்வதும் சிறிய விஷயம் இல்லை. நெறியாளர் சொன்னது வேறு ரகம். எதிர்க்கிறவர்கள் எல்லோரும் நாட்டுக்கு எதிரானவர்கள் என்பது விவாத நெறிக்கே புறம்பானது. நிகழ்ச்சியின் பெயர், தேதி, நிமிடம் குறித்து முதல் புகாரைச் சேனலுக்கே எழுத்தில் அனுப்புங்கள். பதில் திருப்தி இல்லாவிட்டால் ஒளிபரப்பாளர்களின் தன்னொழுங்கு அமைப்புக்குக் கொண்டுபோகலாம்.

பத்திரிகைகளே அரசின் பக்கம்தான் என்ற உங்கள் வரியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவில் 2013இல் உளவு அமைப்புக்காக வேலை பார்த்த எட்வர்ட் ஸ்னோடன், அரசின் ரகசியக் கண்காணிப்பு பற்றிக் கொடுத்த ஆவணங்களை வெளியிட்ட வாஷிங்டன் போஸ்ட், அதற்காக மறு ஆண்டு புலிட்சர் பரிசு வாங்கியது. 2016இல் அதே பத்திரிகையின் தலையங்கப் பகுதி, ஸ்னோடனுக்கு மன்னிப்பு வழங்கக் கூடாது என்று எழுதியது. தனக்குத் தகவல் தந்தவரையே கைவிட்டார்கள். நியூயார்க் டைம்ஸ், நீதிமன்ற அனுமதி இல்லாத ஒட்டுக்கேட்பு பற்றிய செய்தியை வெள்ளை மாளிகையின் பேச்சைக் கேட்டு ஏறக்குறைய ஒரு வருடம் பூட்டி வைத்திருந்து, 2005 டிசம்பரில்தான் வெளியிட்டது. இரண்டுமே எனக்கு ஆத்திரமூட்டிய விஷயங்கள். ஆனால் அந்த ஒட்டுக்கேட்புகள் நமக்குத் தெரியவந்ததும் அதே பத்திரிகைகளின் நிருபர்களிடமிருந்துதான். நிருபர் மேசை வேறு, தலையங்க மேசை வேறு.

இங்கேயும் அப்படித்தான். மேலே சொன்ன 1996 தீர்ப்பின் முதல் பக்கங்களைப் படித்தால் தெரியும்: அரசியல்வாதிகளின் போன் ஒட்டுக்கேட்பு பற்றிய சி.பி.ஐ. அறிக்கை 1991 மார்ச்சில் ‘மெயின்ஸ்ட்ரீம்’ என்ற சிறிய ஆங்கில வார இதழில் வெளியானது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் பி.யு.சி.எல். நீதிமன்றத்துக்குப் போனது. உங்கள் போனுக்கு இன்று இருக்கும் கொஞ்சநஞ்சப் பாதுகாப்பும் ஒரு பத்திரிகை அச்சிட்டதால் வந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். அரசு அங்கீகாரம் பெற்ற செய்தியாளர்கள் வெளியிடுவதற்காக அனுப்பும் செய்திகளை இடைமறிக்கக் கூடாது என்று பழைய தந்திச் சட்டத்திலேயே ஒரு விதிவிலக்கு இருந்தது. புதிய சட்டத்திலும் தொடர்கிறது. உங்களுக்கு அந்தக் கவசம் கிடையாது. “என்ன அச்சம்?” என்று கேட்கிறவர்கள் இந்த வித்தியாசத்தையும் சேர்த்து எழுதினால் நன்றாக இருக்கும்.

நீங்கள் இப்போது நம்பும் யூடியூப் சேனலும் வாட்ஸ்அப் குழுவும் எதை வைத்துப் பேசுகின்றன என்று கேளுங்கள். தீர்ப்பின் தேதி சொல்கிறார்களா, ஆவணத்தைக் காட்டுகிறார்களா? உங்கள் மகனுக்கு அந்த 21 எண்ணைச் சொல்லிக் கொடுத்ததும் வாட்ஸ்அப்தானே. தலையங்கத்தின்மீது வைத்த சந்தேகத்தில் கால்வாசியையாவது அங்கேயும் வையுங்கள்.

சிம், படம், பாஸ்போர்ட்

கடைப் பையனின் பெயரில் சிம் வாங்கவே வேண்டாம். ஆள்மாறாட்டம் செய்து சிம் பெறுவது 2023 சட்டத்தின் 42ஆவது பிரிவில் குற்றம். மூன்றாண்டு வரை சிறை, ஐம்பது லட்சம் ரூபாய் வரை அபராதம். இதுவரை உங்கள்மீது வழக்குப் போட யாரிடமும் ஒன்றும் இல்லை. நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். அந்தப் பையனையும் சேர்த்து மாட்டிவிடுவீர்கள்.

காவலரின் படத்தையும் எண்ணையும் வெளியிடுவதும் வேண்டாம். அவர் கேள்வி கேட்டார், மிரட்டவில்லை. நீங்கள் வெளியிட்டால் மிரட்டியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். அடுத்த முறை வந்தால், உங்களோடு அவர் பேசுவதை நீங்கள் பதிவு செய்துகொள்வதில் தவறில்லை. “விவரம் வேண்டுமானால் எழுத்தில் சம்மன் கொடுங்கள் ஐயா, வந்து சொல்கிறேன்” என்று பணிவாகச் சொல்லுங்கள். சாட்சியாக அழைப்பதற்கு எழுத்து மூலம் உத்தரவு தர வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179ஆவது பிரிவு சொல்கிறது. அவர் மிரட்டினாலோ, இரவில் வீட்டுக்கு வந்தாலோ, தேதியும் நேரமும் குறித்து எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போக ஒரு வருட அவகாசம் உண்டு. சந்தேகத்தின் பேரில் இரவில் வீட்டுக் கதவைத் தட்டுவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1962இலேயே சொல்லிவிட்டது.

மகளின் பாஸ்போர்ட்டுக்கு இன்றைக்கே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். நிலுவையில் உள்ள குற்ற வழக்குதான் அங்கே பிரச்சினை. அப்பா மனு எழுதுகிறார் என்பது மறுப்பதற்கான காரணங்களில் இல்லை. மனைவி தங்கையுடன் பேசட்டும். நாத்தனார் சங்கதியை ஒட்டுக்கேட்க உள்துறைச் செயலர் கையெழுத்துப் போட மாட்டார்.

மனு எழுதுவதை விடவா என்று கேட்டீர்கள். விட்டால் அந்தக் காவலர் ஒரு கேள்வியில், சில்லறைச் செலவில், உள்துறைச் செயலரின் கையெழுத்து இல்லாமல், குவாரிக்காரர்களுக்கு வேண்டியதை முடித்துக் கொடுத்தவர் ஆவார். கூட்டத்தை ஒளித்து நடத்த வேண்டிய தேவையே உங்களுக்கு இல்லை. ஆட்சியருக்கு முன்னறிவிப்புக் கொடுங்கள், நகலைக் காவல் நிலையத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நேரம் என்ன என்று அதற்குமேல் யாரும் கடைக்கு வந்து கேட்க வேண்டியிருக்காது.

இனி ஒரு நோட்டு போடுங்கள். காவலர் வந்த நாள், நேரம், சொன்ன வார்த்தை, அருகில் இருந்தவர் யார் என்று எழுதி வையுங்கள். குவாரி பற்றி இதுவரை கொடுத்த மனுக்கள், அவற்றுக்கு வந்த ஒப்புகைச் சீட்டுகள், ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வந்த பதில்கள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குங்கள். மிரட்டல் என்ற நிலை வந்தால், மனுக்களுக்கும் மிரட்டலுக்கும் உள்ள தொடர்பை அந்தக் கட்டுதான் மதுரையில் பேசும். இரண்டு செட் நகல் எடுத்து ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். அதற்கு நீங்கள் வெளியே எங்கும் போக வேண்டியதில்லை.